ஒட்டுப்பலகையில் ஒரு கயாக்: கணினி வெட்டும், கை தைக்கும்

2.44 மீட்டர் நீளமுள்ள ஒட்டுப்பலகைகளை வைத்துக்கொண்டு 5.2 மீட்டர் நீளத்தில் ஒரு படகு செய்யலாம். ஆணி வேண்டாம், கனமான அடிச்சட்டம் வேண்டாம், பட்டறைகூட வேண்டாம். தாமானில் இருக்கும் 20 அடி அகல வரிசை வீட்டின் கார் போர்ச்சில் குறுக்கே வைத்தால் படகு அடங்கிவிடும். கார்தான் சில வாரங்களுக்கு வெளியே வெயிலில் நிற்கும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நண்பர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: செய்து முடித்த பிறகு அது மின்தூக்கிக்குள் நுழையாது.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வகுப்பில் செய்முறை விளக்கம் எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? ‘முதலில் இதைச் செய்ய வேண்டும், பிறகு அதைச் செய்ய வேண்டும், பிறகு...’ என்று போகும். ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே இடமே இருக்காது. தேநீர் கலப்பது, பட்டம் செய்வது போன்ற தலைப்புகளில் காரணம் சொல்ல அதிகம் இல்லை என்பதும் உண்மைதான். கயாக் கட்டுவது அப்படியில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தை விட்டுவிட்டால் படகு நேராகப் போகாது. அல்லது போன படகு திரும்பி வராது.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: ‘தொழில்நுட்பத்தையெல்லாம் தமிழில் எழுத முடியாதுங்க, சொல்லே இல்லை.’ சொல் இருக்கா இல்லையா என்று ஒரு முழு வேலையை எடுத்து எழுதிப் பார்த்தால்தானே தெரியும்? தச்சுவேலையில் ஆர்வமுள்ள என் மச்சானோடு வார இறுதிகளில் செய்த வேலையை வைத்து இதை எழுதுகிறேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

உடம்புக்கு அளவெடுத்த படகு

கயாக் வடதுருவப் பகுதி மக்களின் வேட்டைப் படகு. இன்யூட், அலியூட் மக்கள் மரத்தாலோ எலும்பாலோ மெல்லிய சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். அந்தப் பனிநிலத்தில் பெரிய மரங்கள் வளர்வதில்லை. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து, கடல் கரையில் ஒதுக்கிப்போடும் கட்டைகள்தாம் அவர்களுக்கு மரம். அளவுகோல் உடம்புதான். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப் போல மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு முட்டி சேர்த்தால் உட்காருமிடத்தின் அகலம். சட்டை தைப்பது போல ஆளுக்கு ஆள் படகு மாறும்.

நாம் செய்வதில் தோலுக்குப் பதில் ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியது இது. ஒரு தாளின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்த தாளின் நார் குறுக்கே ஓடும். மரம் நார் ஓடும் திசையில் வலுவானது, குறுக்கே எளிதில் பிளக்கும் என்பதால்தான் இந்த மாற்றி அடுக்கும் ஏற்பாடு. தாள்களின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படையாகவே இருக்கும். மேல்தாளும் அடித்தாளும் ஒரே திசையில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் இழுவிசை சமமாகிப் பலகை கோணாமல் இருக்கும்.

கயாக்குக்கு 4 மில்லிமீட்டர் கனம் போதும். கடல்வேலைக்கான பலகை என்று கேட்டு வாங்க வேண்டும்; பி.எஸ். 1088 என்பது அதற்கான பிரிட்டிஷ் தரக்குறியீடு. மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஒக்குமே மரத்தில் செய்த பலகை இலேசானது, நன்றாக வளையும். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் மெரந்திப் பலகை பொதுவாக அதைவிடக் கனமானது, ஆனால் உறுதியானது. ஹார்ட்வேர் கடைக்காரர் ‘இதுவும் கடல் பலகைதான்’ என்று சொன்னால் நம்புவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தண்ணீரில் கொதிக்க வைத்து, காயவைத்து, மறுபடியும் கொதிக்க வையுங்கள். தாள்கள் பிரிந்து வந்தால் அந்தப் பலகை அலமாரிக்குத்தான் ஆகும்.

தட்டைப் பலகை படகாவது எப்படி?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு தாளை எடுத்துச் சுருட்டினால் உருளை வரும், கூம்பு வரும். அதே தாளை ஒரு பந்தின்மேல் சுருக்கமில்லாமல் போர்த்த முடியுமா? முடியாது. தாள் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் தட்டையாக அமுக்கினால் அது கிழிவதும் இதே காரணத்தால்தான். ஒட்டுப்பலகையும் தாளைப் போன்றதே. ஆகவே இந்தக் கயாக்கை வடிவமைப்பவர், ஒரு திசையில் மட்டும் வளையும் பரப்புகளாலேயே முழுப் படகையும் ஆக்க வேண்டும். அடியில் இரண்டு பலகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை, மேலே மேல்தட்டு. அவ்வளவுதான்.

சரி, தட்டையான பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் தட்டையான பெரிய பலகைதானே வரும்? வராது, விளிம்பு வளைவாக இருந்தால். இரண்டு மாவிலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரு பக்கத்து வளைந்த விளிம்பை மட்டும் தைத்துவிட்டு, புத்தகத்தைத் திறப்பது போலத் திறந்து பாருங்கள். தையல் ஓடிய கோடு தரையில் தட்டையாகக் கிடக்காது. இலைகள் குழிந்து, இரு முனைகளும் மேலே எழும்பும். படகின் அடி அப்படித்தான் பிறக்கிறது. விளிம்பின் வளைவு எவ்வளவு என்பதே படகின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. நடுவில் ஓடும் அந்தத் தையல்கோடுதான் ஏரா. கப்பலின் அடிமுதுகெலும்புக்குத் தமிழில் இருக்கும் பழைய சொல் அது. முன்முனைக்கு அணியம் என்று பெயர். சொல் இல்லை என்று சொன்னவர்களுக்காக இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அடிப்பலகையின் வெளிவிளிம்பும் பக்கப்பலகையின் கீழ்விளிம்பும் ஒன்றோடொன்று சேரப்போகின்றன. இரண்டும் வேறு வேறு வளைவுகள். ஆனால் நீளம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 10 மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் முனையில் பலகை பிதுங்கும், அல்லது படகு முறுகும். முன்பெல்லாம் இதை வரைபடத்திலிருந்து புள்ளி புள்ளியாகப் பலகையில் குறித்து, நெளியும் மெல்லிய சட்டத்தைப் புள்ளிகள்மேல் வளைத்து வைத்துக் கோடு இழுத்து, கைவாளால் அறுத்தார்கள். பொறுமையுள்ளவர்கள் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். கணினி வெட்டு வந்து மாற்றியது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

வெட்டும் இயந்திரம்

கணினிவழி எண் கட்டுப்பாட்டு இயந்திரத்தை எல்லாரும் சி.என்.சி. என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இதன் வேர் விமானத் தொழிலில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் போன்ற வளைந்த பாகங்களை எண்களைக் கொடுத்துக் கடைந்தெடுக்க வழி தேடினார். எம்.ஐ.டி. கல்விக்கழகம் 1952-ல் துளையிட்ட காகித நாடாவிலிருந்து எண்களைப் படித்து இயங்கும் துருவல் இயந்திரத்தை மக்களுக்குக் காட்டியது. இன்று அதே கருத்து, காகித நாடா இல்லாமல், விளம்பரப் பலகை செய்யும் கடைகளிலும் சமையலறை அலமாரி செய்யும் பட்டறைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெரிய மேசை. அதன்மேல் 2,440-க்கு 1,220 மில்லிமீட்டர் பலகையைப் படியவைத்து இறுக்குவார்கள். மேலே வேகமாகச் சுழலும் வெட்டுமுனை ஒன்று இடவலமாக, முன்பின்னாக, மேல்கீழாக நகரும். எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழத்தில் போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் வரிவரியாக எழுதப்பட்ட கட்டளைகள். கட்டளை வாக்கியம் கற்பிக்கிறோமே, இந்த இயந்திரத்துக்குத் தெரிந்த ஒரே வாக்கிய வகை அதுதான்.

இங்கே யோசிக்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. வெட்டுமுனை 6 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்புள்ளி வரைந்த கோட்டின்மேலேயே போனால் என்ன ஆகும்? கோட்டுக்கு இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் தின்றுவிடும். பலகையின் இரு விளிம்புகளிலும் இப்படி நடந்தால் பாகம் மொத்தம் 6 மில்லிமீட்டர் ஒல்லியாகிவிடும். ஆகவே நடுப்புள்ளி எப்போதும் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளியே ஓட வேண்டும். வெளிவிளிம்பானால் வெளியே தள்ளி, உள்துளையானால் உள்ளே தள்ளி. மென்பொருளே இதைக் கணக்கிட்டுவிடும், ஆனால் எது வெளி எது உள் என்று சொல்ல வேண்டியவர் மனிதர். அதே போல, வட்டமான முனையால் கூர்மையான உள்மூலையை வெட்ட முடியாது. 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு மிஞ்சும். சதுரச் சட்டம் உள்ளே உட்கார வேண்டிய இடங்களில் அந்த மூலைகளைச் சற்று ஆழமாகக் குடைந்துவிடுவார்கள்.

பலகையோ 2.44 மீட்டர், படகோ 5.2 மீட்டர். அதனால் ஒவ்வொரு நீளப் பாகத்தையும் மூன்று துண்டாக வெட்டி, பிறகு இணைக்க வேண்டும். கையால் செய்தால் இரண்டு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவது மரபு. சாய்வு, கனத்தைப் போல எட்டு மடங்கு. 4 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர் நீளச் சாய்வு. இழைப்புளி பிடித்துப் பழக்கமில்லாதவருக்கு இது கடினம்தான். இயந்திரம் இருந்தால் வேறு வழி: முனைகளைப் படப்புதிர்த் துண்டுகள் போல, ஒன்றின் குமிழ் மற்றொன்றின் குழியில் சேரும்படி வெட்டிவிடலாம். தட்டிப் பொருத்தினால் நீளமும் நேரும் தாமாகவே அமைந்துவிடும், அளக்கவே வேண்டாம். தையல் துளைகளையும் இயந்திரமே போட்டுவிடும். சேரப்போகும் இரண்டு விளிம்புகளிலும் துளைகள் சம எண்ணிக்கையில், எதிரெதிரே.

வெட்டிய பாகங்களைப் பெட்டியாக விற்கும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரிலுள்ள செசபீக் லைட் கிராஃப்ட் அவற்றில் பெயர்பெற்றது. அங்கிருந்து வரவழைத்தால் கப்பல் கூலி கண்ணைக் கட்டும். வரைபடக் கோப்பை மட்டும் விலைக்கு வாங்கி, இங்கேயே ஒரு பட்டறையில் கொடுத்து வெட்டுவது நம் நிலைமைக்குப் பொருத்தம். ஆனால் அப்படி வாங்கும் கோப்புக்கு, பெரும்பாலும் ஒரு படகு செய்யத்தான் அனுமதி இருக்கும். நண்பருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

‘இயந்திரம் வெட்டிக் கொடுத்துவிட்டால் அது என்ன கைவேலை?’ என்று கேட்டவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஒரு கயாக்குக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மணி நேர உழைப்பு தேவைப்படும். இயந்திரம் சில மணி நேர வேலையை முடித்துத் தருகிறது. மீதி எல்லாமே கைதான். என் கருத்தில், கணினி எடுத்துக்கொள்வது குறிக்கும் வேலையையும் அறுக்கும் வேலையையும் மட்டுமே. நேர் பார்க்கும் கண்ணை அது யாருக்கும் கொடுப்பதில்லை.

தைப்பது

விளிம்புகளைச் சேர்த்து வைத்து, துளைகள் வழியே செப்புக்கம்பித் துண்டுகளை நுழைத்து, வெளிப்பக்கம் குறட்டால் முறுக்க வேண்டும். முதலில் ஏராவை மட்டும், தொளதொளவென்று. பிறகு புத்தகம் போலத் திறந்து, பக்கப்பலகைகளைச் சேர்த்து, நடுநடுவே குறுக்குத் தடுப்புகளை நிறுத்தி, அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக முழுசா இறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் பலகைக்கு நகர இடமிருக்காது, துளை கிழியும்.

இந்த முறைக்கு வழிகாட்டியவராக அறியப்படுபவர் இங்கிலாந்தில் பள்ளியில் மரவேலை கற்பித்த கென் லிட்டில்டைக். அவர் அதைக் கயாக்குகளுக்குப் பயன்படுத்தினார். பிறகு தொலைக்காட்சியில் வீட்டுவேலை செய்து காட்டிய பாரி பக்னலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் மிரர் என்ற சிறு பாய்மரப் படகை இதே முறையில் உருவாக்கினார்கள். டெய்லி மிரர் நாளிதழ் ஆதரித்ததால் அதற்கு அந்தப் பெயர். பாயின் நிறமும் நாளிதழின் சிவப்பு. சாதாரணக் குடும்பங்களும் வீட்டில் செய்யக்கூடிய படகு என்பதால் 70,000-க்கும் மேல் பெருகியது. பள்ளி மரவேலை அறையில் ஓர் ஆசிரியருக்குத் தோன்றிய யோசனை இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நமக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் பலகையைத் தைத்துப் படகு செய்வது இந்தியப் பெருங்கடல் கரையில் மிகப் பழைய வேலை. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. சோழமண்டலக் கரையின் அலை முரட்டு அலை. விறைப்பான படகு மணலில் மோதினால் உடையும். தையற்படகு வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். நம் கயாக்கின் தையலுக்கும் அதற்கும் வேறுபாடு இங்கேதான்: மசூலாவில் தையல் நிரந்தரம், அதுவே படகைத் தாங்குகிறது. கயாக்கில் தையல் தற்காலிகம். பசை இறுகும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்துவிடும்.

மாணவர்களே, ஒரு நிமிடம் புணர்ச்சி. தையல் + படகு = தையற்படகு. செம்பு + கம்பி = செப்புக்கம்பி; ‘இரும்பு’ ‘இருப்புப்பாதை’யில் மாறுவது போலவே. ‘ஒட்டுப்பலகை’யில் ‘ப்’ வருவதைக் கவனித்தீர்களா? ‘ஊறுகாய்’ போல வினைத்தொகையாக இருந்தால் வல்லினம் மிகுந்திருக்காது. இங்கே ‘ஒட்டு’ பெயர்ச்சொல்லாக நிற்கிறது. ‘கட்டுமரம்’ என்பதையோ கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலத்துக்கும் விரிக்கலாம், அது வினைத்தொகை. அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆனது. போன இடத்தில் பொருள் மாறி, இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

இறுக்கியதும் உடனே பசை எடுக்காதீர்கள். படகின் முன்பக்கம் ஒரு நேரான குச்சி, பின்பக்கம் ஒரு நேரான குச்சி, இரண்டையும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் படகு முறுகியிருக்கிறது என்று பொருள். அது தண்ணீரில் ஒரு பக்கமாகவே இழுக்கும், ஆயுள் முழுக்க. இப்போது ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். பசை காய்ந்த பிறகு கடவுளாலும் முடியாது. நான் இந்தக் கட்டத்துக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்வேன்.

எபோக்ஸி: இங்கே விளையாட்டு வேண்டாம்

படகைப் பிடித்து நிறுத்துவது எபோக்ஸி. பிசின் ஒரு புட்டி, இறுக்கி ஒரு புட்டி. தயாரிப்பைப் பொறுத்து 2-க்கு 1, 5-க்கு 1 என்று கலவை விகிதம் எழுதியிருக்கும். சீக்கிரம் காய வேண்டும் என்று இறுக்கியைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள் சிலர். இது பாயசத்துக்குச் சர்க்கரை போடுவது மாதிரி இல்லை. பிசினின் மூலக்கூறுகளும் இறுக்கியின் மூலக்கூறுகளும் கைகோத்துச் சங்கிலியாகின்றன. ஒரு பக்கம் அதிகமானால் கைகோக்க ஆளில்லாமல் மிஞ்சுபவை அப்படியே நிற்கும். இணைப்பு ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், என்றைக்குமே இறுகாது.

நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற எச்சரிக்கை ஒன்று. குளிர்நாட்டுக்கு எழுதிய கையேட்டில் ‘20 நிமிடம் வேலை செய்யலாம்’ என்று இருக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் நாம் படித்த பொது விதி. அங்கே 23 பாகையில் 20 நிமிடம் என்றால், இங்கே 33 பாகையில் 10 நிமிடம்தான். அதோடு இந்த வினை வெப்பத்தை வெளியிடும். ஆழமான குவளையில் நிறையக் கலந்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் மேலும் சூடாகி, புகைந்து, குவளையே உருகும். கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது: காலையிலிருந்து வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், பூசிய எபோக்ஸியில் குமிழி குமிழியாகத் தெரியும். மரம் ஆறிக்கொண்டிருக்கும் மாலையில் பூசினால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மழைநாளின் ஈரக்காற்றில் காய்ந்த பரப்பின்மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியலாம். அதைத் தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அழுக்கைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும்.

வேலை இப்படிப் போகும்: கம்பிகளுக்கு இடையே சொட்டுச் சொட்டாக எபோக்ஸி வைத்து, காய்ந்ததும் கம்பிகளை உருவிவிட வேண்டும். எபோக்ஸியில் மரத்தூளைக் குழைத்து, கடலைவெண்ணெய் பதத்துக்கு வந்ததும் உள்மூலைகளில் அப்பி, கரண்டியின் முதுகால் வழித்தால் வளைவான பூச்சு கிடைக்கும். அதன்மேல் கண்ணாடி இழை நாடா. வெளியே மூலைகளை உருட்டிவிட்டு, கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எபோக்ஸி ஊற்றிப் பரப்பினால் வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்து மரம் தெரியும். பார்ப்பதற்கு அழகான நேரம் அது. இந்தக் கண்ணாடித் தோலும் உள்ளே இருக்கும் பலகையும் சேர்ந்துதான் வலிமை. 4 மில்லிமீட்டர் பலகை தனியாகக் கல்லில் மோதினால் தாங்காது. கடைசியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் அவசியம். எபோக்ஸி தண்ணீருக்குப் பயப்படாது, வெயிலுக்குப் பயப்படும்.

இறுகாத எபோக்ஸி தோலில் படப்பட ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் போகாது, அடுத்த முறை கொஞ்சம் பட்டாலும் அரிப்பும் தடிப்பும்தான். நைட்ரைல் கையுறை கட்டாயம். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, அது தோலுக்குள் இன்னும் நன்றாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம். பள்ளியில் இதைத் திட்டப்பணியாகச் செய்ய நினைப்பவர்களுக்கு என் கருத்து கண்டிப்பானது: மாணவர்கள் தைக்கட்டும், நேர் பார்க்கட்டும், வார்னிஷ் பூசட்டும். எபோக்ஸி கலப்பதும் பூசுவதும் பெரியவர்களின் வேலை. நேரமோ கையுறையோ போதவில்லை என்றால் அட்டை மாதிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிதப்பது

ஆர்க்கிமிடிஸ் விதியை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். படகு 22 கிலோ, ஆள் 75 கிலோ, மொத்தம் 97 கிலோ. அப்படியானால் 97 கிலோ தண்ணீரை அது ஒதுக்க வேண்டும். ஏரியில் 97 லிட்டர். கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ என்பதால் கடலில் 94.6 லிட்டர் போதும். படகு கொஞ்சம் உயர்ந்து மிதக்கும்.

படகு கவிழ்ந்து உட்காரும் குழி முழுக்கத் தண்ணீர் ஏறினால்? அதற்குத்தான் முன்னும் பின்னும் நிற்கும் குறுக்குத் தடுப்புகள். அவை வெறும் வடிவம் பிடிக்கும் சட்டங்கள் அல்ல. அவற்றைச் சுற்றிலும் இடைவெளியின்றி எபோக்ஸி பூசி அடைத்தால் முன்னறையும் பின்னறையும் காற்றுப்பெட்டிகளாகிவிடும். நடுவில் தண்ணீர் நிறைந்தாலும் அவை படகைத் தாங்கும். தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒவ்வோர் அறையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, படகைச் சாய்த்துச் சாய்த்து, பக்கத்து அறைக்குக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. முதல் பயணம் காற்றில்லாத ஏரியில், கரையோரமாக, உயிர்காப்பு அங்கியோடு, கூட ஒருவர் இருக்க. சொந்தமாகச் செய்த படகு என்ற பெருமையில் நேராகக் கடலுக்குப் போக வேண்டாம்.

மணிலா அட்டையில் பத்தில் ஒரு பங்கு

இரண்டு பாடவேளைக்குள் முடிகிற மாதிரி இது. 52 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நேர்கோடு வரையுங்கள். அதன் நடுவில் ஒரு பக்கம் 7 மில்லிமீட்டர் புடைக்கும் வளைவு, மறுபக்கம் 23 மில்லிமீட்டர் புடைக்கும் வளைவு. இரண்டும் முனைகளில் கூட வேண்டும். நெகிழ் அளவுகோலை வளைத்து வரையலாம். இதே போல இரண்டு இலைகள் வெட்டினால் அடிப்பலகைகள் தயார். இனிப் பெரிய வளைவின்மேல் ஒரு நூலைப் படியவைத்து அளக்கச் சொல்லுங்கள். 52-ஐவிடச் சற்றுக் கூடுதலாக வரும். அந்த நீளத்துக்கு, 2 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள். அவை பக்கப்பலகைகள். விளிம்புகளின் நீளம் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மாணவர் கை அந்த நூலில் உணரும்.

சிறிய வளைவுகளை ஊசி நூலால் ஒன்றோடொன்று தைத்துத் திறக்கட்டும். பிறகு பக்கப்பட்டைகளைத் தைத்து, 6 சென்டிமீட்டர் அகலத் தடுப்பு ஒன்றை நடுவில் நிறுத்தட்டும். தைக்கும்போதே ஒருவர் செய்ய, ஒருவர் ‘ஏன்’ என்று கேட்க, ஒருவர் எழுத வேண்டும். எழுதுபவருக்கு ஒரு விதி: ‘பிறகு’ என்ற சொல்லை இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ‘திறந்ததும்’, ‘இறுக்குவதற்கு முன்’, ‘இல்லாவிட்டால்’, ‘ஆகையால்’ எல்லாம் தாமாக வந்து உட்காரும். என் வகுப்பில் கட்டுரைக்கு ஐந்து வரிக்கு மேல் எழுதாத ஒரு மாணவன் இந்த வேலையில் ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப்பிழை இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு காரணம் இருந்தது.

மிதக்க விடும்போது கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். நீளம் பத்தில் ஒன்றானால் கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்று, ஏனெனில் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாகச் சுருங்குகின்றன. 97 கிலோவின் ஆயிரத்தில் ஒரு பங்கு 97 கிராம். சமையலறைத் தராசில் அட்டைப் படகை நிறுத்து, மொத்தம் 97 கிராம் வரும் அளவுக்குக் கோலிக்குண்டுகளை எடுத்து, உருளாமலிருக்க ஈரத்துணியில் சுற்றாமல் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, நடுவில் பரப்பி வைக்க வேண்டும். தையல் துளைகள் வழியே தண்ணீர் ஏறும். அதனால் வாளியில் விடுவதற்கு முன், உருகிய மெழுகுவர்த்தி மெழுகை ஆசிரியர் உள்ளே எல்லாத் தையல்மேலும் ஊற்றி, அட்டையின் வெளிப்பக்கத்திலும் மெழுகைத் தேய்த்துவிடட்டும். மெழுகு ஆறும்வரை படகை யாரும் தூக்கக் கூடாது.